7.1 சிஜிபிஏ, இரண்டு அரியர், ஜிஆர்இ 307: இதை வைத்துக்கொண்டு எம்எஸ்ஸுக்கு விண்ணப்பிப்பது எப்படி

தலைப்பில் இருப்பது என் மதிப்பெண்தான்: சிஜிபிஏ என்பது பத்துக்குப் போடும் மொத்தச் சராசரி, ஜிஆர்இ என்பது வெளிநாட்டில் எம்எஸ், அதாவது முதுகலை, படிக்க எழுதும் தேர்வு. அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி ஒன்றில் மெக்கானிக்கல், மூன்றாம் செமஸ்டரில் விழுந்த இரண்டு அரியர், ஜிஆர்இயில் குவான்ட் (கணிதப் பகுதி) 162, வெர்பல் (ஆங்கிலப் பகுதி) 145. அமெரிக்காவில் ஏழு இடத்துக்குப் போட்டேன், மூன்று இடத்தில் கிடைத்தது. பெரிய சாதனை இல்லை. ஆனால் 9.2 வாங்கியவர்கள் தரும் அறிவுரை நம்மைப் போன்றவர்களுக்கு ஒட்டுவதே இல்லை, அதனால் எழுதுகிறேன்.

முதலில் சிஜிபிஏவை நீங்களே அமெரிக்கப் பாணியில் 4-க்கு மாற்றாதீர்கள். பத்தால் வகுத்து நான்கால் பெருக்கினால் 7.1 என்பது 2.84 ஆகும், பல பல்கலைக்கழகங்கள் கேட்கும் குறைந்தபட்சம் 3.0, உடனே மனசு விட்டுப்போகும். அங்கே எல்லோரும் இப்படிக் கணக்குப் போடுவதில்லை. பெரும்பாலான விண்ணப்பப் படிவங்கள் மதிப்பெண் பட்டியலில் இருப்பதை அப்படியே, 10-க்கு இவ்வளவு என்று போடச் சொல்கின்றன, மாற்றுவது அவர்கள் வேலை. இன்னொன்று, அரிசோனா ஸ்டேட் போன்ற சில இடங்கள் கடைசி 60 கிரெடிட்டை, அதாவது ஏறக்குறைய பின்பாதிப் படிப்பைத்தான் பார்க்கின்றன. முதல் இரண்டு வருடம் சொதப்பி, பின்னால் எழுந்தவர்களுக்கு இது பெரிய ஆறுதல். உங்கள் ஐந்தாவது செமஸ்டர் முதல் எட்டாவது வரையிலான சராசரியைத் தனியாக ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். எனக்கு 7.1 இருந்த இடத்தில் 7.8 வந்தது, அதை எஸ்ஓபியில், அதாவது ஏன் இந்தப் படிப்பு என்று விண்ணப்பத்தோடு எழுதித் தரும் கட்டுரையில், ஒரு வரியாகச் சேர்த்தேன்.

ஜெர்மனி யோசிக்கிறவர்கள் வேறு கணக்கு போட வேண்டும். அங்கே ஒரு சூத்திரம் உண்டு: அதிகபட்ச மதிப்பெண்ணிலிருந்து உங்களுடையதைக் கழித்து, அதிகபட்சத்துக்கும் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, 3-ஆல் பெருக்கி, 1 கூட்ட வேண்டும். தேர்ச்சிக்கான கிரேடு பாயின்ட் 5 என்றால் 7.5 எடுத்தவருக்குச் சரியாக 2.5 வரும், 7.1 எடுத்தவருக்கு 2.74. அங்கே எண் குறைந்தால்தான் நல்லது, பல படிப்புகளில் 2.5-இல் கோடு போட்டிருக்கிறார்கள். அதனால் இன்னும் ஒரு செமஸ்டர் மிச்சமிருந்து 7.4-இல் நிற்கிறவர்கள், ஜெர்மனிதான் என்றால் வேறு எதையும் பார்க்காமல் அந்த 0.1-ஐப் பிடியுங்கள். அமெரிக்காவுக்கு 7.4-ம் 7.5-ம் ஒன்றுதான்.

அரியரை மறைக்க முடியுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். முடியாது. எந்த மாதம், எந்த வருடம் தேர்ச்சி பெற்றீர்கள் என்பது மதிப்பெண் பட்டியலிலேயே இருக்கிறது. எஸ்ஓபியில் இரண்டு வரி எழுதினால் போதும்: எந்தப் பாடம், எப்போது முடித்தேன், அதே பாடத்தின் தொடர்ச்சியான பாடத்தில் பின்னால் என்ன கிரேடு. அவ்வளவுதான். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, காய்ச்சல், வீடு மாறினோம் என்று ஒரு பத்தி ஓட்டினால் படிக்கிறவருக்கு அந்தப் பத்திதான் ஞாபகம் இருக்கும்.

ஜிஆர்இ விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் கறாரானது. குவான்ட் 160-க்குக் கீழே என்றால் ஒரே ஒரு தடவை மறுபடி எழுதுங்கள், 21 நாள் இடைவெளி விட்டால் போதும், எந்தத் தேதியின் மதிப்பெண்ணை அனுப்புவது என்பதை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். 160 தாண்டிவிட்டதா, விட்டுவிடுங்கள். வெர்பலில் 145-ஐ 150 ஆக்க மூன்று மாதம் வார்த்தைப் பட்டியல் மனப்பாடம் செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும், இன்ஜினியரிங் துறைக்காரர்கள் முதலில் பார்ப்பது குவான்ட்டைத்தான். ஜிஆர்இ கட்டாயமில்லை என்று சொல்லும் துறைகள் 2020-க்குப் பிறகு நிறைய. அங்கே மதிப்பெண் உங்களுக்கு உதவாது என்று தோன்றினால் அனுப்பவே வேண்டாம்.

சரி, இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். மதிப்பெண் சுமாராக இருக்கும்போது, உங்கள் ஃபைலைப் புரட்டுகிறவர் ஏதாவது ஒரு இடத்தில் நின்று படிக்க வேண்டும். ஒரே ஒரு இடம் போதும். அது ப்ராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கிய ஃபைனல் இயர் ப்ராஜெக்டாக இருக்க முடியாது. என்னுடையதும் அப்படி வாங்கியதுதான், வெட்கத்தோடு சொல்கிறேன். எஸ்ஓபி எழுத உட்கார்ந்தபோது அதைப் பற்றி நாலு வாக்கியத்துக்கு மேல் எழுத வரவில்லை, ஏனென்றால் எனக்கே அது தெரியாது.

என்னைக் காப்பாற்றியது அம்பத்தூரில் ஒரு சின்ன டை காஸ்டிங் பட்டறையில் பார்த்த ஒன்றரை வருட வேலை. உருகிய உலோகத்தை டை என்கிற அச்சுக்குள் செலுத்தி வார்ப்பதுதான் டை காஸ்டிங். அலுமினிய உறைகள் செய்வோம். திங்கட்கிழமை காலையில் மட்டும் ரிஜெக்ட் அதிகம் விழும், உறையின் ஓரத்தில் முடி அளவுக்கு ஒரு கோடு, அதைக் கோல்டு ஷட் என்பார்கள். ஞாயிறு முழுக்க மெஷின் நின்றதால் டை சில்லென்று கிடக்கும், உருகிய உலோகம் இரண்டு பக்கமிருந்தும் வந்து ஒட்டுவதற்குள் ஆறிவிடும். பட்டறையில் எல்லோருக்கும் இது தெரியும், முதல் சில ஷாட்டை (ஒரு தடவை வார்ப்பது ஒரு ஷாட்) அப்படியே தூக்கி உருக்கப் போட்டுவிடுவார்கள். நான் செய்தது ஒன்றுதான்: நாலு திங்கட்கிழமை ஒரு நாற்பது பக்க நோட்டில் ஒவ்வொரு ஷாட்டுக்கும் டையின் வெப்பநிலையைக் குறித்து, எத்தனையாவது ஷாட்டில் கோடு மறைகிறது என்று எழுதினேன். அப்புறம் கேஸ் பர்னர் வைத்து டையை முன்கூட்டியே சூடாக்கச் சொன்னோம், ரிஜெக்ட் குறைந்தது.

என் எஸ்ஓபியின் முதல் வரைவு “சிறு வயதிலிருந்தே இயந்திரங்கள் மீது எனக்குத் தீராத ஆர்வம்” என்று தொடங்கியது. வெளிநாட்டுப் படிப்புக்கு விண்ணப்பிக்க உதவும் கன்சல்டன்சி ஒன்று கொடுத்த மாதிரி அது. அதே வாரம் அங்கே வந்த இன்னொரு பையனுடைய எஸ்ஓபியும் அதே வரியில்தான் தொடங்கியது, சிரித்துக்கொண்டோம். இரண்டாவது வரைவில் திங்கட்கிழமை காலை, சில்லென்ற டை, நோட்டு, அங்கிருந்து தொடங்கினேன். முடிவில், வெப்பம் டைக்குள் எப்படிப் பரவுகிறது என்பதை நோட்டால் மட்டும் சொல்ல முடியவில்லை, அதைக் கணக்கிடக் கற்றுக்கொள்ளத்தான் இந்தப் படிப்பு என்று எழுதினேன். உங்களிடம் பட்டறை இல்லாமல் இருக்கலாம். கல்லூரி லேபில் நீங்களே பிரித்துப் போட்ட பம்ப், சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டில் அலைந்து வாங்கி மூன்று தடவை எரித்த மோட்டார் டிரைவர், எதுவாக இருந்தாலும் சரி, நோண்டிக் கேட்டால் பத்து நிமிடம் பேச முடிகிற ஒன்றை எடுங்கள்.

எல்ஓஆர், அதாவது பரிந்துரைக் கடிதம். ஹெச்ஓடியிடம் (துறைத் தலைவர்) போனால் “நீயே எழுதிட்டு வாப்பா, கையெழுத்து போட்டுத் தர்றேன்” என்பார், நம் ஊர் வழக்கம். அந்தக் கடிதத்தில் நீங்கள் கடின உழைப்பாளி, நேர்மையானவர், பணிவானவர் என்று இருக்கும், எல்லோருடையதிலும் அதேதான் இருக்கும். அதைவிட உங்களை லேபில் பார்த்த உதவிப் பேராசிரியர் மேல். அவரிடம் எழுதிக்கொடுக்காமல், நீங்கள் அவரிடம் செய்த வேலைகளை ஒரு பக்கத்தில் குறிப்பாகக் கொடுத்து, “சார், இதில் உங்களுக்கு ஞாபகம் இருப்பதை மட்டும் எழுதுங்கள்” என்று கேளுங்கள். கல்லூரி மின்னஞ்சலிலிருந்து அனுப்பச் சொல்லுங்கள். ஆசிரியர் பெயரில் தாங்களே ஒரு ஜிமெயில் திறந்து கடிதம் ஏற்றித் தருகிறோம் என்று சொல்லும் கன்சல்டன்சிகள் இருக்கின்றன, அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். மாட்டினால் கிடைத்த அட்மிஷனும் போகும்.

எங்கே போடுவது? தரவரிசைப் பட்டியலை மூடி வைத்துவிட்டு, வரைபடத்தைத் திறங்கள். விமானப் பாகங்கள் பிடிக்குமென்றால் கான்சஸில் விசிட்டா ஸ்டேட்: அந்த ஊரே விமானத் தொழிலில்தான் வாழ்கிறது, பல்கலைக்கழகத்திலேயே தேசிய விமான ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. வாகனம் என்றால் ஃபோர்டின் தலைமையகம் இருக்கும் டியர்பார்னில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் வளாகம் ஒன்று உண்டு, அதே டெட்ராய்ட் வட்டாரத்தில் ஓக்லாண்ட் பல்கலைக்கழகம். ஹௌட்டனில் உள்ள மிச்சிகன் டெக் நல்ல இடம், ஆனால் குளிர்காலத்தில் பனி ஆள் உயரத்துக்குக் குவியும், தெரிந்துகொண்டு போங்கள். டெக்சாஸ் ஆர்லிங்டன், மிசௌரியில் ரோலா ஊரில் உள்ள பல்கலைக்கழகம் என்று இந்த வரிசை நீளும். கன்சல்டன்சி நீட்டும் பட்டியலைச் சந்தேகத்தோடு பாருங்கள், சில பல்கலைக்கழகங்கள் ஆள் பிடித்துக் கொடுப்பவர்களுக்குக் கமிஷன் தருகின்றன.

ஆறு அல்லது ஏழு போதும். விண்ணப்பக் கட்டணமே ஒவ்வொன்றுக்கும் 50 முதல் 100 டாலர். ஜிஆர்இ எழுதும் நாளிலேயே நாலு இடத்தைத் தேர்ந்தெடுத்தால் அந்த நாலுக்கும் மதிப்பெண் இலவசமாகப் போகும், நான் அவசரத்தில் இரண்டை மட்டும் போட்டுவிட்டு மீதிக்குத் தண்டம் அழுதேன். ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ சேர வேண்டுமென்றால் உதவித்தொகைக்கான கடைசி நாள் பெரும்பாலும் முந்தைய டிசம்பர் நடுவிலோ ஜனவரியிலோ வந்துவிடும். டிரான்ஸ்கிரிப்டுக்கு (பல்கலைக்கழகம் தரும் மொத்த மதிப்பெண் பட்டியல்) முந்தைய வருட ஆகஸ்டிலேயே விண்ணப்பித்துவிடுங்கள், பல்கலைக்கழக அலுவலகத்தில் அது எப்போது கைக்கு வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

பணம் பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன். நம்மைப் போன்ற மதிப்பெண்ணுக்கு முதல் செமஸ்டரில் உதவித்தொகை கிடைப்பது அரிது, போய்ச் சேர்ந்து ஒரு பாடத்தில் நன்றாகச் செய்த பிறகு அந்தப் பேராசிரியரிடமே கேட்பதுதான் நடக்கிற வழி. எனக்கு மூன்றாம் செமஸ்டரில்தான் லேப் உதவியாளர் வேலை வந்தது. அதனால் உதவித்தொகை வரும் என்று நம்பிக் கடன் கணக்கைப் போடாதீர்கள், ஒரு பைசாகூட வராது என்று வைத்துக்கொண்டு போடுங்கள். அந்தக் கணக்கு இந்த வருடம் இடிக்கிறதா, அட்மிஷன் கடிதம் வந்த கையோடு துறையின் ஒருங்கிணைப்பாளருக்கு மின்னஞ்சல் எழுதி அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைக்க முடியுமா என்று கேளுங்கள். பல இடங்களில் சம்மதிப்பார்கள். நான் அப்படித்தான் ஒரு வருடம் தள்ளிப் போனேன், அந்த வருடமும் திங்கட்கிழமை காலைகளில் பட்டறையில்தான் இருந்தேன்.