மாதவிடாய் நின்றபின் ஃபைப்ராய்டு: அறுவை சிகிச்சை முடிவில் நேரும் தவறுகள்

வேறு ஏதோ காரணத்துக்காக வயிற்றை ஸ்கேன் செய்துகொண்ட ஒரு பெண்ணின் அறிக்கையில், கர்ப்பப்பையில் 4 செ.மீ. ஃபைப்ராய்டு இருப்பதாக ஒரு வரி வருகிறது. வயது ஐம்பத்தெட்டு. மாதவிடாய் நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஒரு தொந்தரவும் இல்லை. ஆனாலும் வீட்டில் பேச்சு தொடங்கிவிடும்: "இனி அந்தக் கர்ப்பப்பை எதற்கு? எடுத்துவிட்டால் நிம்மதிதானே?" முதல் தவறு இதுதான்.

ஃபைப்ராய்டு என்பது கர்ப்பப்பையின் தசையில் வளரும், புற்றுநோய் அல்லாத கட்டி. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஆகிய ஹார்மோன்களின் ஊட்டத்தில்தான் அது பெருக்கிறது. தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராமல் இருந்தால் மெனோபாஸ் வந்துவிட்டது என்று கொள்கிறோம். அதன்பின் இந்த ஹார்மோன்கள் வெகுவாகக் குறைவதால், கட்டியும் பெரும்பாலும் மெல்லச் சுருங்குகிறது. சில கட்டிகளில் சுண்ணாம்புச்சத்து படிந்து இறுகிவிடும். தொந்தரவு தராமல், வளராமல் இருக்கும் கட்டியை அளவை மட்டும் பார்த்து எடுக்க வேண்டியதில்லை. கர்ப்பப்பையை அகற்றுவது பெரிய அறுவை சிகிச்சை. ரத்தப்போக்கு, தொற்று, சிறுநீர்ப்பையிலோ சிறுநீர்க்குழாயிலோ காயம், கால் ரத்தக்குழாய்களில் ரத்தம் உறைதல் ஆகிய அபாயங்கள் அதில் உண்டு. பயனில்லாத உறுப்பு என்ற எண்ணம் இந்த அபாயங்களை ஏற்கப் போதுமான காரணமே அல்ல.

இதற்கு நேர் எதிரான இன்னொரு தவறுதான் எனக்கு அதிகக் கவலை தருவது. மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம் தென்படும்போது, "ஃபைப்ராய்டு இருக்கிறதே, அதனால்தான்" என்று சொல்லிக்கொண்டு விட்டுவிடுவது. இப்படி ரத்தப்போக்கோடு வரும் பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குக் கர்ப்பப்பையின் உட்படலத்தில் புற்றுநோய் இருக்கிறது. மற்றவர்களுக்குக் காரணம் பெரும்பாலும் உலர்ந்து மெலிந்த திசுவோ, பாலிப் என்னும் சிறு சதை வளர்ச்சியோ ஆக இருக்கும். ஆனால் தாம் எந்தப் பக்கம் என்பதை யாராலும் வீட்டில் உட்கார்ந்து ஊகிக்க முடியாது. ஒரே ஒருமுறை, துளி அளவு வந்தாலும், வெறும் பழுப்புக் கறையாக இருந்தாலும் மருத்துவரிடம் போக வேண்டும். பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் ஸ்கேனில் உட்படலத்தின் தடிமன் 4 மி.மீ. அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் புற்றுநோய்க்கான வாய்ப்பு மிகக் குறைவு. அதைவிடத் தடிமனாக இருந்தாலோ, ரத்தம் மறுபடி மறுபடி வந்தாலோ, திசுவைச் சிறிது எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸி தேவை. ஃபைப்ராய்டுகள் சில நேரம் இந்தப் படலத்தை ஸ்கேனில் மறைத்துவிடும். அப்போது "தெளிவாகத் தெரியவில்லை" என்ற அறிக்கையை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கேமரா செலுத்திப் பார்க்கும் ஹிஸ்டெரோஸ்கோபி பற்றிக் கேளுங்கள். எப்படியும் கர்ப்பப்பையை எடுக்கத்தானே போகிறோம் என்று பயாப்ஸியைத் தவிர்ப்பதும் சரியல்ல. புற்றுநோய் என்று முன்பே தெரிந்தால் அறுவை சிகிச்சையின் திட்டமே மாறும்.

மூன்றாவது, பழைய ஸ்கேன் அறிக்கைகளைத் தூக்கி எறிந்துவிடுவது. இந்த வயதில் கட்டி இன்று எத்தனை சென்டிமீட்டர் என்பதைவிட, முன்பு எத்தனை இருந்தது என்பதே முக்கியம். வளர்ந்திருந்தால் காரணம் தேட வேண்டும். மெனோபாஸ் உபாதைகளுக்காக ஹார்மோன் சிகிச்சை எடுக்கிறீர்களா? மார்பகப் புற்றுநோய்க்காக டாமோக்சிபென் சாப்பிடுகிறீர்களா? இரண்டுமே கட்டியை வளர்க்கக்கூடியவை. டாமோக்சிபென் உட்படலப் புற்றுநோயின் அபாயத்தையும் கூட்டுகிறது. மகப்பேறு மருத்துவரிடம் இந்த மருந்துகளைச் சொல்லாமல் விடாதீர்கள்.

இவை எதுவும் இல்லாமல் கட்டி வளர்கிறது என்றால், "பார்த்துக்கொள்ளலாம்" என்று காத்திருப்பது தவறு. லியோமயோசார்கோமா என்னும் அரிய தசைப் புற்றுநோய் ஸ்கேனில் சாதாரண ஃபைப்ராய்டு போலவே தோன்றக்கூடும். சாதாரணக் கட்டி புற்றாக மாறுவதைவிட, இது பெரும்பாலும் தனியாகத் தோன்றுவது என்றே கருதப்படுகிறது. எம்.ஆர்.ஐ. சில தடயங்களைக் காட்டும். ஆனால் உறுதி சொல்லாது. உட்படலத்தில் எடுக்கும் பயாப்ஸியிலும் இது தப்பிவிடலாம். கர்ப்பப்பையோடு காம்பில் தொங்கும் ஃபைப்ராய்டு என்று நினைத்தது சினைப்பைக் கட்டியாக இருப்பதும் உண்டு.

இங்கேதான் அறுவை சிகிச்சைக்குச் சம்மதித்தவர்கள் கேட்க மறக்கும் கேள்வி வருகிறது: கர்ப்பப்பையை எப்படி வெளியே எடுப்பீர்கள்? லேப்ராஸ்கோப்பி முறையில் பெரிய கர்ப்பப்பையைச் சிறு துளை வழியே எடுக்க, மார்சலேட்டர் என்னும் கருவியால் துண்டு துண்டாக வெட்டுவது வழக்கமாக இருந்தது. உள்ளே அறியப்படாத புற்று இருந்தால் அது வயிறு முழுவதும் சிதறிவிடும். ஃபைப்ராய்டு என்று நினைத்து அறுவை சிகிச்சை செய்யப்படும் பெண்களில் சுமார் 350 பேரில் ஒருவருக்கு இப்படி மறைந்த சார்கோமா இருக்கலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2014இல் கணித்தது. பின்வந்த சில கணிப்புகள் இதைவிடக் குறைவு. ஆனால் வயது ஏற ஏற அபாயம் கூடுகிறது என்பதில் ஐயமில்லை. மெனோபாஸை நெருங்கும், அதைக் கடந்த பெண்களுக்கு இக்கருவியைப் பயன்படுத்த வேண்டாம் என்று அதே ஆண்டில் அந்த நிர்வாகம் எச்சரித்தது. சிறு தழும்பும் சீக்கிரம் வீடு திரும்புவதும் நல்லவைதான். கர்ப்பப்பை முழுதாக வெளியே வருவது அவற்றைவிட நல்லது.

அடிக்கடி சிறுநீர் கழிப்பது, முதுகுவலி, மலச்சிக்கல் எல்லாவற்றையும் ஃபைப்ராய்டின் தலையில் கட்டுவது மற்றொரு தவறு. சர்க்கரை நோய், சிறுநீர்ப்பைத் தளர்ச்சி, கர்ப்பப்பை இறக்கம், முதுகெலும்புத் தேய்மானம் எல்லாம் இந்த வயதில் சாதாரணம். காரணம் வேறாக இருந்தால், அறுவைக்குப் பின்னும் அதே வலியோடுதான் இருப்பீர்கள். பெரிய கட்டி சிறுநீர்க்குழாயை அழுத்திச் சிறுநீரகம் வீங்கியிருந்தால் கதை வேறு. அப்போது தள்ளிப்போடக் கூடாது. வயதாகிவிட்டது என்பதும் அதற்குத் தடையில்லை. சர்க்கரை, ரத்த அழுத்தம், ரத்தசோகை ஆகியவற்றைச் சரிசெய்துகொண்டு போனால் போதும்.

சினைப்பைகளைப் பற்றித் தனியாகப் பேசாமல் கையெழுத்திடாதீர்கள். அவற்றையும் சேர்த்து எடுப்பது சினைப்பைப் புற்றுநோயின் அபாயத்தைப் பெரிதும் குறைக்கும். குடும்பத்தில் மார்பக, சினைப்பைப் புற்றுநோய் இருந்தால் அது வலுவான காரணம். ஆனால் மெனோபாஸ் வந்து ஓரிரு ஆண்டுகளே ஆனவருக்கும் எழுபது வயதுக்காரருக்கும் கணக்கு ஒன்றல்ல. முடிவு உங்களுடையதாக இருக்க வேண்டும். மயக்கத்திலிருந்து விழித்த பிறகு தெரிந்துகொள்ளும் செய்தியாக இருக்கக் கூடாது.

அறுவை முடிந்து தையல் ஆறியதும் பலர் மருத்துவமனைப் பக்கம் போவதில்லை. எடுத்த கர்ப்பப்பையின் திசுப் பரிசோதனை அறிக்கை அங்கேயே கிடக்கும். அது ஃபைப்ராய்டுதானா என்று உறுதியாகச் சொல்லும் ஒரே காகிதம் அதுதான். கையில் வாங்கி, மருத்துவரிடம் விளக்கம் கேளுங்கள். கர்ப்பப்பையின் வாயை விட்டுவைத்திருந்தால், அங்கே புற்றுநோய் அறிகுறி உண்டா என்று பார்க்கும் பாப் பரிசோதனையை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை, எந்த வயதுவரை தொடர வேண்டும் என்பதையும் அன்றே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.