முதிய பூனைக்கு விடை கொடுக்கும் முறை

பூனை தன் வலியை மறைக்கும் இயல்புடையது என்பதால், முதுமையில் பரவலாகக் காணப்படும் நாட்பட்ட சிறுநீரக நோய் முற்றிவரும்போது அது எவ்வளவு உண்கிறது, உடலை நக்கித் தூய்மை செய்துகொள்கிறதா என்பதை நாள்தோறும் குறித்துவைத்து, அக்குறிப்புடன் கால்நடை மருத்துவரை அணுகுங்கள். வலி தணியட்டும் என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். அது பூனைக்கு நஞ்சு.

கருணைக்கொலை என்று முடிவானால், முதலில் அதை உறங்கவைக்கும் ஊசியைப் போடும்படி மருத்துவரிடம் கேளுங்கள்; பழகிய துணியில் கிடத்தி, பெயர் சொல்லித் தடவிக்கொண்டே இருங்கள். உயிர் பிரிந்த பின்னும் கண்கள் திறந்தே இருக்கும், சில வேளைகளில் தசைகள் துடிக்கும். அது வலியன்று என்பதை வீட்டுப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே விளக்குவது மிக அவசியம் என்று கருதுகிறேன்.

அடக்கம் செய்வதானால், கிணற்றிலிருந்து விலகி, தெருநாய்கள் தோண்டாதபடி 3 அடி ஆழமாவது குழி வெட்டுங்கள். உயிர் பிரியச் செலுத்திய மருந்து உடலில் தங்கியிருந்து, அவ்வுடலைத் தின்னும் விலங்கையும் கொல்லக்கூடும்.