குறுவள மையத்துக்கு மூன்று பயிற்சி நூல்கள்

தலைமையாசிரியர்களே, அக்கம்பக்கத்துப் பள்ளிகள் சேர்ந்து கூடும் குறுவள மையக் கூட்டத்துக்குப் போகும்போது மூன்றாம் வகுப்பின் அரும்பு, மொட்டு, மலர் என்ற கற்றல் நிலைகளிலிருந்து தலா ஒரு பயிற்சி நூலை, பெயரை மறைத்து எடுத்துச் செல்லுங்கள். பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியருடன் மாற்றிப் புரட்டுங்கள்.

பேச்சில் எல்லாப் பள்ளியும் நன்றாகவே நடக்கும். ‘ல, ள, ழ’ எங்கே குழம்புகிறது, கடன் வாங்கிக் கழிக்கும்போது குழந்தை எந்தப் படியில் நின்றுவிடுகிறது, திருத்தியதை மீண்டும் எழுதியதா என்பதையெல்லாம் பக்கங்களே காட்டிவிடும். நமக்குப் பார்த்துப் பார்த்துப் பழகிப்போன பிழை அடுத்தவர் கண்ணில் உடனே படும். தொடக்க வகுப்புகளுக்கான தமிழக அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டப் பயிற்சி நூல் அரசுப் பள்ளிகளுக்குப் பொது என்பதால் ஒப்பிடுவதும் எளிது.

வகுப்பில் இரண்டு மூன்று பிள்ளைகளே உள்ள பள்ளிக்கு இது பொருந்தாது. ஆசிரியரை மதிப்பிடவும் தயவுசெய்து இதைப் பயன்படுத்தாதீர்கள். அடுத்த முறை யாரும் நூலைத் தரமாட்டார்கள்.