வரையும் முன் இடது பத்தியைப் பாருங்கள்

கரும்பலகையில் நிகழ்வெண் பட்டியலை, அதாவது எந்தப் பிரிவில் எத்தனை பேர் என்று காட்டும் பட்டியலை, எழுதி முடிப்பதற்குள் பிள்ளைகள் அளவுகோலை எடுத்துவிடுவார்கள். கணக்கு ஆசிரியராக நான் அவர்களிடம் கேட்பது ஒன்றுதான்: அளவுகோலைக் கீழே வையுங்கள், முதலில் பட்டியலைப் படியுங்கள்.

40 பேரின் மதிப்பெண்கள் இப்படி இருக்கட்டும். 0–20: 3 பேர், 20–40: 7, 40–50: 9, 50–60: 11, 60–100: 10. கூட்டினால் 40 வருகிறதா? வராவிட்டால் ஆளுக்கொரு கோடாக எண்ணும் நேர்க்கோட்டுக் குறி போட்டபோதே யாரோ விடுபட்டிருக்கிறார். சரியாக 40 வாங்கியவர் 40–50 பிரிவில் சேர்வார். இதை முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள், இல்லையென்றால் ஒருவரையே இரண்டு முறை எண்ணிவிடுவோம். அடுத்து, மேலிருந்து கூட்டிக்கொண்டே வாருங்கள்: 3, 10, 19, 30, 40. மதிப்பெண் வரிசையில் நடுவே வரும் 20, 21ஆம் ஆட்கள் 50–60இல் நிற்கிறார்கள். இடைநிலை அளவு, அதாவது வரிசையின் நடு மதிப்பு, அங்கேதான் இருக்கிறது, சூத்திரமே வேண்டாம்.

இனி வரைபடம். பட்டியலின் இடது பத்தியில், எண்ணிக்கைக்கு முன்னால், இருப்பவை நிறம், விளையாட்டு போன்ற பெயர்கள் என்றால் இடைவெளி விட்ட பட்டைகள். உடன்பிறந்தோர் எண்ணிக்கைக்கும் அதுவே, ஏனென்றால் 2க்கும் 3க்கும் நடுவே யாரும் இல்லை. உயரம், எடை, நேரம் போல் தொடர்ந்து ஓடும் அளவு என்றால் நிகழ்வுச் செவ்வகம். ஒரு பிரிவு முடியும் இடத்திலேயே அடுத்தது தொடங்குவதால் செவ்வகங்கள் ஒட்டி நிற்கும். நம் மதிப்பெண் பட்டியலுக்கும் இதுதான்.

பலர் தடுக்கி விழும் இடம் இங்கே இருக்கிறது. பிரிவுகளின் அகலம் ஒன்றுபோல் இல்லை, கவனித்தீர்களா? 60–100க்கு 10 என்ற உயரத்தையே போட்டால் அது 50–60இன் 11க்குக் கிட்டத்தட்ட சமமாக எழுந்து, வகுப்பே கெட்டிக்கார வகுப்பு என்று காட்டும். உண்மையில் அந்த 10 பேர் 40 மதிப்பெண் அகலத்தில் பரவிக் கிடக்கிறார்கள். எண்ணிக்கையை அகலத்தால் வகுத்து அதை உயரமாக வையுங்கள்: 11ஐ 10ஆல் வகுத்தால் 1.1, 10ஐ 40ஆல் வகுத்தால் 0.25. நான்கு மடங்குக்கும் மேல் வித்தியாசம்! நிகழ்வுச் செவ்வகத்தில் ஆட்களைச் சொல்வது பரப்பு.

வட்ட விளக்கப்படம் முழுமையின் பங்குகளைக் காட்ட மட்டும். 40இல் 10 பேர் என்றால் 90 பாகை. ஒருவரே இரண்டு மூன்று விடைகளைத் தேர்ந்த கருத்துக்கணிப்புக்கு அது உதவாது, பங்குகள் சேர்ந்து 100 விழுக்காட்டைத் தாண்டிவிடும். நாள்தோறும் மாறும் வெப்பநிலைக்குக் கோட்டு வரைபடம்.

எந்தப் பட்டை வரைந்தாலும் செங்குத்து அச்சை 0இல் தொடங்குங்கள். 8இல் தொடங்கினால் 9 பேரின் பட்டை ஓர் அலகு உயரம், 11 பேரின் பட்டை மூன்று அலகு. இரண்டு பேர் வித்தியாசம் மூன்று மடங்காகத் தெரியும்.