தென்னாப்பிரிக்காவில் வேலை விசா இல்லாதவர்கள் அறிந்திருக்க வேண்டியவை

டர்பனிலும் அதன் புறநகரான சாட்ஸ்வொர்த்திலும் உணவகச் சமையல்காரர்களாகவும், கடை உதவியாளர்களாகவும், கோயில் திருப்பணிக்கு வந்த சிற்பிகளாகவும் தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்த பலரை நான் சந்தித்திருக்கிறேன். அவர்களில் சிலருக்கு விசா முடிந்துவிட்டது. வேறு சிலர் சுற்றுலா விசாவில் அழைத்து வரப்பட்டு, வந்த மறுநாளே அடுப்படியில் நிறுத்தப்பட்டவர்கள். சம்பளம் பாக்கி, பாஸ்போர்ட் முதலாளியிடம், ஊரில் ஏஜென்டுக்குக் கொடுத்த கடன் வட்டியோடு ஏறுகிறது என்று மூன்றையும் சொல்லிவிட்டு, கடைசியில் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "எனக்கு விசா இல்லையே, நான் எதையாவது கேட்க முடியுமா?" கேட்க முடியும். எதைக் கேட்கலாம், எங்கே கேட்கலாம், எது கிடைக்காது என்பதை ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

முதலில் பாஸ்போர்ட்டைத் திறந்து விசா ஒட்டப்பட்ட பக்கத்தை நிதானமாகப் படியுங்கள். பலர் முடியும் தேதியை மட்டும் பார்க்கிறார்கள். அதைப் போலவே முக்கியமானது கீழே இருக்கும் நிபந்தனை வரி. பொது வேலை விசாவாக இருந்தால், எந்தப் பணி, எந்த முதலாளி என்பது அங்கே குறிக்கப்பட்டிருக்கும். 2002-ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு, சட்டவிரோதமாகத் தங்கியிருப்பவரை வேலைக்கு வைப்பதை மட்டும் தடுக்கவில்லை. விசாவில் குறிப்பிடப்படாத முதலாளியிடமோ, குறிப்பிடப்படாத பணியிலோ வைப்பதையும் தடுக்கிறது. ஓர் உணவகத்தின் பெயரில் விசா பெற்று வந்தவர், சண்டை போட்டுக்கொண்டு அடுத்த தெருவிலுள்ள உணவகத்தில் சேர்ந்தால், விசாவில் இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தாலும் அவர் அனுமதியின்றி வேலை செய்பவரே. இதை அறியாமல் மாட்டிக்கொண்டவர்கள் நான் பார்த்தவர்களில் நிறையப் பேர்.

பாஸ்போர்ட் கையிலேயே இல்லை என்றால் அதை மீட்பதுதான் முதல் வேலை. "பத்திரமாக இருக்கட்டும்" என்று சொல்லி அதை வாங்கி வைத்துக்கொள்ள எந்த முதலாளிக்கும் உரிமை கிடையாது. அது வழங்கிய நாட்டின் உடைமை. ஆட்களைச் சுரண்டும் நோக்கில் அவர்களுடைய ஆவணங்களைப் பறித்து வைப்பதும், கடனைக் காட்டி வேலையில் கட்டிப்போடுவதும் 2013-ஆம் ஆண்டின் ஆள்கடத்தல் தடுப்புச் சட்டத்தின்படி குற்றங்கள். எழுத்து மூலம், வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் சரி, பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கேளுங்கள். கொடுக்கவில்லை என்றால் அந்தச் செய்தியோடு, இந்தியர்கள் டர்பனிலோ ஜோகனஸ்பர்க்கிலோ உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தையும், இலங்கையர் பிரிட்டோரியாவிலுள்ள தங்கள் தூதரகத்தையும் அணுகலாம்.

குடிவரவுச் சட்டம் வேலை வாய்ப்பை எப்படிச் சுருக்குகிறது என்பதை முதலாளியின் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். வேலைக்கு எடுப்பவர் ஒருவரின் விசா நிலையை நேர்மையாக விசாரித்து அறிய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அனுமதியற்ற ஒருவர் அவருடைய கடையில் வேலை செய்வது கண்டுபிடிக்கப்பட்டால், அவருக்கு அது தெரிந்திருந்தது என்றே முதலில் கொள்ளப்படும். தெரியாது என்று நிறுவும் சுமை அவருடையது. தெரிந்தே வைத்ததாகத் தீர்ப்பானால் முதல் முறையே அபராதமோ ஓராண்டு வரை சிறையோ கிடைக்கலாம். அடுத்தடுத்த முறைகளில் தண்டனை கூடும். ஆகவே சட்டத்துக்குப் பயந்த முதலாளி கதவை மூடிவிடுகிறார். திறந்திருக்கும் கதவுகளில் பெரும்பாலானவை, இந்தத் தண்டனையையும் ஒரு செலவாகக் கணக்கிட்டு, அதைத் தொழிலாளியின் சம்பளத்திலிருந்தே கழித்துக்கொள்பவர்களுடையவை. ரொக்கமாகச் சம்பளம், ரசீது கிடையாது, விடுமுறை கிடையாது, கேட்டால் போலீஸ் என்ற மிரட்டல். இது தற்செயலாக நடப்பதில்லை. வேலையைத் தடுக்கும் சட்டம் தேவையை ஒழிக்காததால் தொழிலாளியின் பேரம் பேசும் பலம் மட்டுமே ஒழிகிறது.

இந்த மண்ணில் தமிழர்களுக்கு இது புதிதும் அல்ல. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்திறங்கிய ஒப்பந்தக் கூலிகளுக்குப் பின்னால் வந்தவர்கள், ஒப்பந்தம் முடிந்ததும் சொந்தமாகப் பிழைக்க விரும்பியபோது, 1895-இல் டர்பன் அடங்கிய நேட்டால் காலனியின் அரசு ஒரு சட்டம் இயற்றியது: திரும்பக் கப்பலேறு, அல்லது மறுபடி ஒப்பந்தத்தில் கையெழுத்திடு, இரண்டும் இல்லையென்றால் ஆண்டுக்கு 3 பவுன் கட்டித் தங்கும் உரிமம் வாங்கு. மாதத்துக்குச் சில ஷில்லிங் கூலி வாங்கியவர்களுக்கு அந்த 3 பவுன், மறுபடி கரும்புத் தோட்டத்துக்குள் தள்ளும் கை. அந்த வரியையும் மற்றக் கட்டுப்பாடுகளையும் எதிர்த்து எழுந்த 1913-ஆம் ஆண்டுப் போராட்டத்தில்தான், அனுமதித் தாள் இல்லாமல் மாகாண எல்லையைத் தாண்டியதற்காகத் தில்லையாடி வள்ளியம்மை மூன்று மாதக் கடுங்காவல் பெற்று, வெளியே வந்து 1914 பிப்ரவரி 22-இல் இறந்தார். வரி அதே ஆண்டு நீக்கப்பட்டது. இன்று விசா இல்லாத ஒருவரை ஏளனமாகப் பேசும் நம்மவர்களிடம் இந்த வரலாற்றை நான் தவறாமல் நினைவுபடுத்துகிறேன்.

இனி மிக முக்கியமான செய்தி. குடிவரவுச் சட்டம் ஒன்று, தொழிலாளர் சட்டம் வேறொன்று. அரசியலமைப்பின் 23-ஆம் பிரிவு நியாயமான தொழில் நடைமுறைக்கான உரிமையைக் குடிமக்களுக்கு என்று சொல்லவில்லை, "எல்லோருக்கும்" என்று சொல்கிறது. 2008-இல் டிஸ்கவரி ஹெல்த் என்ற நிறுவனத்தின் வழக்கில், வேலை அனுமதி முடிந்துபோன அர்ஜென்டினா நாட்டவர் ஒருவர் பணிநீக்கத்தை எதிர்த்து முறையிட்டார். அனுமதி இல்லாததால் அவருடைய ஒப்பந்தமே செல்லாது, ஆகவே அவர் தொழிலாளியே அல்ல என்று நிறுவனம் வாதிட்டது. தொழிலாளர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஒப்பந்தத்தைச் செல்லாததாக்கினால் முதலாளிகள் வேலை வாங்கிவிட்டுக் கூலி கொடுக்காமல் தப்பிக்கச் சட்டமே வழிகாட்டியதாகிவிடும் என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். பின்னர் வந்த 2014-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சேவைகள் சட்டம் இதை வெளிப்படையாகவே எழுதிவைத்தது: செல்லுபடியாகும் அனுமதியின்றி வேலைக்கு வைக்கப்பட்டவரும், சட்டப்படியோ வேலை உறவின்படியோ தமக்குள்ள கோரிக்கையை முதலாளிமீது நிலைநாட்டலாம். அதே சட்டம், வேலை தேடித் தருவதற்காக வேலை தேடுபவரிடமே கட்டணம் வாங்குவதையும் தடுக்கிறது.

உங்களுக்கு என்ன சேர வேண்டும் என்பதைக் கணக்குப் போடுங்கள். தேசியக் குறைந்தபட்சக் கூலி 2025 மார்ச் 1 அன்று மணிக்கு 28.79 ராண்ட் என்று நிர்ணயிக்கப்பட்டது, ஆண்டுதோறும் மார்ச்சில் அது திருத்தப்படுகிறது, ஆகவே நீங்கள் வேலை செய்த காலத்துக்குரிய விகிதத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். வாரத்துக்கு 45 மணி நேரம் வரை சாதாரண வேலை, அதற்கு மேல் ஒன்றரை மடங்கு. அந்த 2025 விகிதத்தில், வாரம் 60 மணி நேரம் உழைத்த ஒருவருக்கு 45 மணி நேரத்துக்கு 1,295.55 ராண்டும், மீதி 15 மணி நேரத்துக்கு, மணிக்கு சுமார் 43.19 வீதம் ஏறத்தாழ 648 ராண்டும் ஆக, வாரத்துக்கு சுமார் 1,943 ராண்ட் வரும். பலருடைய கைக்கு வருவது இதில் பாதிகூட இருப்பதில்லை.

கணக்குக்குச் சான்று வேண்டும். புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பரோட்டா மாஸ்டர், பச்சை அட்டை போட்ட நாற்பது பக்க நோட்டு ஒன்றை என்னிடம் கொண்டுவந்தார். ஒவ்வொரு நாளும் வந்த நேரம், போன நேரம், அன்று கையில் கொடுத்த தொகை என்று மூன்று பத்திகள்; சில பக்கங்களில் எண்ணெய் ஊறி எழுத்து மங்கியிருந்தது. பதினோரு மாதங்களில் ஒரு நாள்கூட விடுபடவில்லை. முதலாளியின் பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. சமரசக் கூட்டத்திலேயே பாக்கியின் பெரும்பகுதி அவருக்குக் கிடைத்தது. அதனால் எல்லோரிடமும் சொல்கிறேன்: நோட்டு போடுங்கள். வேலை இடத்தில் சீருடையோடு எடுத்த படம், ஷிஃப்ட் சொல்லும் குரல் செய்தி, பணம் அனுப்பிய ரசீது, உடன் வேலை செய்தவரின் தொலைபேசி எண் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு, ஒரு பிரதியை ஊரில் நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள்.

முறையிட வேண்டிய இடம் சமரச, மத்தியஸ்த, நடுவர் ஆணையம். இங்கே எல்லோரும் அதைச் சுருக்கமாக சி.சி.எம்.ஏ. என்பார்கள். அங்கே முறையிடக் கட்டணம் கிடையாது. வேலையை விட்டு நீக்கியது தவறு என்று முறையிட, நீக்கிய நாளிலிருந்து 30 நாட்களுக்குள் 7.11 என்ற படிவத்தை நிரப்பி, முதலில் ஒரு பிரதியை முதலாளிக்குச் சேர்ப்பித்து, சேர்ப்பித்ததற்கான சான்றோடு ஆணையத்தில் கொடுக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளர் தேவை என்பதையும் படிவத்திலேயே எழுதிவிடுங்கள். 30 நாள் என்பது ஓடிப்போகும். "அடுத்த மாதம் தருகிறேன்" என்று முதலாளி சொல்வதை நம்பிக் காத்திருப்பவர்களே அதைத் தவறவிடுகிறார்கள். தாமதமானால் காரணத்தை விளக்கி மன்னிப்புக் கோர வழி உண்டு, ஆனால் அதை நம்பியிருக்க வேண்டாம். எதிர்பார்ப்பிலும் அளவு வேண்டும்: பணிநீக்கம் தவறென்று முடிவானால் பொதுவாகப் பன்னிரண்டு மாதச் சம்பளம் வரை இழப்பீடு கிடைக்கலாம், ஆனால் அனுமதி இல்லாதவரை அதே வேலையில் திரும்ப அமர்த்தும் ஆணையை எதிர்பார்க்கக் கூடாது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். முறையீடு உங்களுக்கு விசா வாங்கித் தராது, கைதிலிருந்து காப்பாற்றவும் செய்யாது. ஆணையத்தின் வேலை விசா பார்ப்பதல்ல என்றாலும், கோபத்தில் முதலாளியே தகவல் கொடுக்கக்கூடும். ஆகவே படிவம் கொடுக்கும் முன் ஒரு வழக்கறிஞரிடம் பேசுங்கள். மனித உரிமைக்கான வழக்கறிஞர்கள் என்ற அமைப்பின் டர்பன் அலுவலகம் இத்தகைய வழக்குகளை இலவசமாகப் பார்க்கிறது.

விசா நிலையைச் சரிசெய்ய உண்மையில் எத்தனை வழிகள் உண்டு? குறைவுதான். விசா முடியவில்லை என்றால், முடிவதற்கு 60 நாட்களுக்கு முன்பே புதுப்பிக்க விண்ணப்பித்து, விசா விண்ணப்பங்களை வாங்கும் வி.எஃப்.எஸ். மையம் தந்த ரசீதைப் பாஸ்போர்ட்டோடு வைத்திருங்கள். முடிந்துவிட்டது என்றால், குடிவரவுச் சட்டத்தின் 32-ஆம் பிரிவின் கீழ், விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்வரை தங்க அனுமதி கேட்கலாம். அதற்கு, உரிய காலத்தில் விண்ணப்பிக்க முடியாமல் போனது உங்கள் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட காரணத்தால் என்று எழுத்தில் காட்ட வேண்டும்; உடனே விண்ணப்பிக்கத் தேவையான எல்லாமும் கையில் இருப்பதையும் நிரூபிக்க வேண்டும். மருத்துவமனையில் கிடந்தது, முதலாளி பாஸ்போர்ட்டைப் பூட்டி வைத்தது போன்றவை, சான்று இருந்தால், சொல்லத்தக்க காரணங்கள். மறந்துவிட்டேன் என்பது காரணமாகாது.

சுற்றுலா விசாவை உள்நாட்டிலேயே வேலை விசாவாக மாற்றித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். சட்டம் அந்த மாற்றத்தைச் சில விதிவிலக்குகள் தவிர அனுமதிப்பதில்லை. தென்னாப்பிரிக்கரின் அல்லது நிரந்தர வதிவுரிமை உள்ளவரின் கணவன், மனைவி, பிள்ளைகள் நாட்டை விட்டுப் போகாமலே விண்ணப்பிக்கலாம் என்று 2019-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் நண்டுட்டு வழக்கில் தீர்ப்பளித்தது; அது உண்மையான உறவுகளுக்கு. காகிதக் கல்யாணமும் ஒட்டிக் கொடுக்கும் போலி விசாவும், வெறுமனே தங்கிவிட்ட குற்றத்தைவிடப் பல மடங்கு பெரிய குற்றத்தில் உங்களைச் சேர்க்கும்.

தஞ்சம் கோருவது பற்றி இலங்கைத் தமிழர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். உயிருக்கோ சுதந்திரத்துக்கோ உண்மையான அச்சம் இருந்தால் அது உங்கள் உரிமை. டர்பன் உட்பட ஐந்து இடங்களில் அகதி வரவேற்பு அலுவலகங்கள் உள்ளன. தஞ்சம் கோருவோர் வேலை செய்வதையும் படிப்பதையும் அடியோடு தடுப்பது மனித மாண்புக்கு எதிரானது என்று 2003-இல் வாட்சனுகா வழக்கில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. ஆனால் 2020 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தங்களால் அந்த உரிமை கடுமையான நிபந்தனைகளுக்கு உட்பட்டது. தஞ்சத் தாளில் வேலை அனுமதி எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்காமல் வேலையில் சேராதீர்கள். வேலைக்காக மட்டும் தஞ்சம் கோருவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். கோரிக்கை பொய்யென்று நிராகரிக்கப்பட்ட பிறகு மற்ற வழிகளும் சுருங்கிவிடும்.

கைதானால் ஓடவும் வேண்டாம், பொய்ப் பெயர் சொல்லவும் வேண்டாம். நாடுகடத்தும் முடிவை எழுத்தில் தர வேண்டும், மேல்முறையீடு செய்ய உங்களுக்கு உரிமை உண்டு. 48 மணி நேரத்துக்குள் நேரில் நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும் என்று 2017-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் ஆணையிட்டது. தூதரகத்துக்குத் தகவல் சொல்லக் கேளுங்கள். சம்பளப் பாக்கி இருப்பதை வழக்கறிஞரிடம் அங்கேயே சொல்லுங்கள். ஊர் திரும்பிய பிறகும் அந்தக் கோரிக்கை உங்களுடையதே.

தாமாகவே ஊர் திரும்ப முடிவெடுப்பவர்கள் ஒரு கணக்கை அறிந்து புறப்பட வேண்டும். விசா முடிந்து 30 நாட்களுக்குள் வெளியேறினால், முதல் முறை என்றால், ஓராண்டு திரும்ப வர முடியாது. 30 நாட்களைத் தாண்டிவிட்டால் ஐந்தாண்டு. இருபத்தெட்டாம் நாளில் என்னிடம் வந்த ஒருவரிடம், பாக்கிச் சம்பளத்துக்காகக் காத்திருக்காமல் டிக்கெட் போடச் சொன்னேன். முறையீட்டை எழுதி, வழக்கறிஞருக்கு அதிகாரம் அளித்துக் கையெழுத்திட்டுவிட்டுக் கிளம்பினார். விமான நிலையத்தில் தடைக்கான படிவம் ஒன்றைத் தருவார்கள், அதைத் தூக்கி எறியாதீர்கள். தடையை நீக்கக் கோர அந்த நாளிலிருந்து பத்து வேலை நாட்கள்தான் உண்டு. நோட்டு, மருத்துவமனைச் சீட்டு, வி.எஃப்.எஸ். ரசீது ஆகியவற்றின் படங்களை விமானம் ஏறும் முன்பே மின்னஞ்சலில் உங்களுக்கு நீங்களே அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள்.