முதிர்ந்த பழங்கொடி வெள்ளை ஒயின்: சுவைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

விலை குறைந்த, ஆனால் வயதேறிய வெள்ளை ஒயினைப் பெரும்பாலும் கெடுப்பது ஃப்ரிட்ஜ்தான். 4 டிகிரியில் எடுத்து அப்படியே ஊற்றினால் புளிப்பு மட்டும்தான் நாக்கில் நிற்கும். தேன், வறுத்த பாதாம், மெழுகு என்று வயது சேர்த்துக்கொடுத்த வாசனைகள் எழும்பாது. ஒயின்மீதே பழி விழும். 11 முதல் 13 டிகிரி சரியான சூடு. வெளியே எடுத்து வைத்து 20 நிமிடம் பொறுங்கள். கோப்பையில் 60 மில்லிக்கு மேல் ஊற்ற வேண்டாம், சுழற்ற இடம் வேண்டும்.

அடுத்து, நிறத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது. வெள்ளை ஒயின் முதிர முதிரப் பொன்னிறமாகும், அது குறையல்ல. மங்கிய பழுப்பும், வெட்டிவைத்துக் கறுத்த ஆப்பிள் வாசனையும் சேர்ந்து வந்தால்தான் காற்றுபட்டுக் கெட்டது என்று அர்த்தம். அடியில் மின்னும் துகள்கள் கண்ணாடியல்ல, பொட்டாசியம் பைடார்ட்ரேட் படிகங்கள். உடம்புக்குத் தீங்கில்லை. பாட்டிலைச் சில மணி நேரம் நிமிர்த்தி வைத்துவிட்டு, கடைசி மடக்கை விட்டுவிடலாம்.

முதல் முகர்விலேயே ஒதுக்குவதும் தவறு. தீக்குச்சி வாசனை பத்து நிமிடத்தில் அடங்கிவிடக்கூடும். நனைந்த அட்டைப்பெட்டி வாசனை அடங்காது. அது கார்க் கோளாறு. தீக்குச்சி வாசனை போகட்டும் என்று மணிக்கணக்கில் டிகேன்டரில் (ஒயினைக் காற்றாட ஊற்றிவைக்கும் கண்ணாடிக் குடுவை) வைத்தால் பழைய ஒயினின் மென்மணம் பறந்துவிடும். பழைய கார்க் பொடியும் என்பதால் இரட்டைத் தகட்டுத் திறப்பான் நல்லது.

ஆஸ்திரேலிய ஹன்டர் பள்ளத்தாக்கில் செமியோன் என்ற வெள்ளைத் திராட்சையில் செய்யும் ஒயின் பெரும்பாலும் ஓக் பீப்பாயையே பார்க்காதது, ஆல்கஹாலும் 10-11 சதவீதம்தான். ஆனாலும் வயதேறினால் டோஸ்ட் வாசனை வரும். அதை ஓக் என்று எழுதிக்கொள்பவர்கள் ஏராளம்!

லேபிளில் உள்ள 'பழங்கொடி' (பழைய திராட்சைக்கொடி) கொடியின் வயதைச் சொல்கிறது, ஒயினின் வயதை அல்ல. பிரான்சில் அதே பொருள்தரும் 'வியே வின்ய்' என்ற சொல்லுக்குச் சட்ட வரையறை கிடையாது. தென்னாப்பிரிக்காவில் பழங்கொடிகளுக்குச் சான்று தரும் ஓல்டு வைன் புராஜெக்ட் அமைப்பின் முத்திரை இருந்தால் நம்பலாம்: கொடிக்குக் குறைந்தது 35 வயது, நட்ட ஆண்டும் அதிலேயே இருக்கும். அந்த முத்திரையுள்ள செனின் பிளாங்க் (ஒரு வெள்ளைத் திராட்சை வகை) ஒயினில் உரத்த பழ வாசனையைத் தேடாதீர்கள். பழங்கொடி காய்ப்பது குறைவு. அதன் பலன் பெரும்பாலும் நடுநாக்கின் கனத்திலும், விழுங்கியபின் சுவை நிற்கும் நேரத்திலும்தான் தெரியும்.

மிச்சத்தை மூடி ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாளே முடித்துவிடுங்கள்.