ஹைட்ரன்ட் இருக்கும், தண்ணீர் வராது: அடுக்குமாடிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாடிப்படி ஓரமாகச் சிவப்புக் குழாய் ஏறுகிறது. தளத்துக்கு ஒரு வால்வு, பக்கத்தில் கண்ணாடிக் கதவு போட்ட பெட்டி. தீயணைப்புத் தண்ணீருக்கான இந்த அமைப்பைத்தான் ஹைட்ரன்ட் என்கிறோம். இவ்வளவும் கண்ணில் பட்டுவிட்டால் தீயணைப்பு ஏற்பாடு முடிந்தது என்று பில்டரும் நினைக்கிறார், குடியிருப்போர் சங்கமும் நினைக்கிறது. வால்வைத் திருகினால் தண்ணீர் வருமா, எந்த அழுத்தத்தில் வரும், எத்தனை நிமிடம் வரும் என்று யாரும் கேட்பதில்லை.

இந்தத் தவறுகளில் பாதி வரைபடத்தில் இருக்காது. கட்டி முடித்த பிறகு, அன்றாடத் தொந்தரவு ஒன்றைத் தீர்க்கப் போய் வந்தவையாக இருக்கும். வால்வு கசிகிறது என்று மூடி வைப்பார்கள், பம்ப் ராத்திரியில் சத்தம் போடுகிறது என்று ஆஃப் செய்வார்கள், கோடையில் தண்ணீர் இல்லை என்று தொட்டியில் கை வைப்பார்கள். ஒவ்வொன்றும் அந்த நேரத்துக்கு நியாயமாகத்தான் தெரியும்.

18.30 மீட்டர் கணக்கும் 15 மீட்டர் கணக்கும்

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-இன்படி 18.30 மீட்டருக்கு மேல் போனால்தான் உயர்மாடிக் கட்டடம். தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016-இன் நான்காம் பகுதியோ 15 மீட்டரிலிருந்தே உயரக் கட்டடமாகக் கணக்கெடுக்கிறது. இந்த இடைவெளியில்தான் பல கட்டடங்கள் நிற்கின்றன. ‘நம்முடையது உயர்மாடி இல்லை, ஹைட்ரன்ட் எதற்கு’ என்று முடிவு கட்டிவிட்டு, சான்று வாங்கும் நேரத்தில் தளம் தளமாகச் சுவரைத் துளைத்துக் குழாய் ஏற்றுகிறார்கள். பிளான் போடும்போதே விதித்தொகுப்பின் அட்டவணையைப் பாருங்கள். உயரத்தோடு பயன்பாடும் அதில் கணக்கு: ஒரே உயரமுள்ள குடியிருப்புக்கும் ஹோட்டலுக்கும் மருத்துவமனைக்கும் தொட்டி அளவு ஒன்றல்ல. பக்கத்து மனையின் வரைபடத்தைப் பார்த்து எழுதுவது ஆபத்து.

தீயணைப்புத் துறை தரும் தடையின்மைச் சான்றில் உள்ள நிபந்தனைகளை ஒருமுறை முழுதாகப் படிப்பதும் அவசியம். பலர் முதல் பக்கத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். குழாய், பம்ப், தொட்டி பற்றியதெல்லாம் பெரும்பாலும் அதற்குப் பின்னால்தான் வரும்.

தொட்டி: காகிதத்தில் ஒரு லட்சம் லிட்டர்

உட்புறம் 8 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், தண்ணீர் உயரம் 2.5 மீட்டர் உள்ள தரையடித் தொட்டியை எடுத்துக்கொள்வோம். கணக்குப்படி 1,00,000 லிட்டர். நிமிடத்துக்கு 2,280 லிட்டர் தள்ளும் பம்ப் என்றால் ஏறத்தாழ 44 நிமிடம் ஓடும். ஆனால் உறிஞ்சும் குழாயின் வாய் தரையிலிருந்து அரை மீட்டருக்கும் மேலே இருக்கிறது. தண்ணீர் அதை நெருங்கும்போது சுழல் விழுந்து காற்றும் சேர்ந்து போகும். அடியில் 60 சென்டிமீட்டர் பயன்படாமல் போனால் 24,000 லிட்டர் கணக்கிலிருந்து போயிற்று. மிச்சம் 33 நிமிடம். அதனால் தொட்டியின் கொள்ளளவைச் சொல்லும்போது, ஓவர்ஃப்ளோ மட்டத்துக்கும் பம்ப் எடுக்கக்கூடிய கடைசி மட்டத்துக்கும் இடையில் உள்ளதை மட்டும் எண்ண வேண்டும். தொட்டித் தரையில் ஒரு பள்ளம் கட்டி, உறிஞ்சும் குழாயை அதற்குள் இறக்கி, வாயில் சுழல் தடுப்புத் தகடு வைத்தால் இந்த இழப்பைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். கான்கிரீட் போடும் முன் இதற்கு ஆகும் செலவு சொற்பம். போட்ட பிறகு செய்ய முடியாது.

அடுத்த தவறு தண்ணீர் வரும் வரிசையில். போர், மெட்ரோ வாட்டர், லாரி, எதுவானாலும் தண்ணீர் முதலில் தீயணைப்புத் தொட்டிக்குள் விழ வேண்டும். அது நிரம்பி, நடுச்சுவரின் மேற்பகுதியில் விட்ட வழியாக வழிந்துதான் வீட்டு உபயோகச் சம்ப்புக்குப் போக வேண்டும். இதனால் தீயணைப்புத் தொட்டி எப்போதும் நிறைந்திருக்கும். உள்ளே தண்ணீர் தேங்கிக் கெடாமல் புதிதாகிக்கொண்டும் இருக்கும். பல இடங்களில் நடப்பது தலைகீழ். லாரி நேராக வீட்டுச் சம்ப்பில் இறக்குகிறது. தீயணைப்புத் தொட்டிக்குத் தனியாக ஒரு குழாய், அதில் ஒரு வால்வு, அந்த வால்வைத் திறக்க வேண்டியவர் போன வருடமே வேலையை விட்டுப் போய்விட்டார்.

கோடையில் சம்ப் வற்றும்போது எல்லார் கண்ணும் இந்தத் தொட்டி மேல்தான் விழும். ‘ரெண்டு நாளைக்கு மட்டும்’ என்று ஒரு நீர்மூழ்கி மோட்டாரை இறக்குவார்கள். அந்த மோட்டார் அங்கேயே தங்கிவிடும். மேன்ஹோல் மூடிக்குப் பூட்டு, சாவிக்கு ஒரு பொறுப்பாளர், தண்ணீர் மட்டம் குறைந்தால் செக்யூரிட்டி அறையில் ஒலிக்கும் அலாரம் என்ற மூன்றும் இருந்தால் இதைப் பெரும்பாலும் தடுக்கலாம். தொட்டியை இரண்டு அறையாகக் கட்டி இணைத்திருந்தால் ஒன்றைக் கழுவும்போது இன்னொன்று நிறைந்திருக்கும். ஒரே அறை என்றால் கழுவும் நாள் முழுக்கக் கட்டடத்துக்குத் தீயணைப்புத் தண்ணீர் கிடையாது.

மொட்டைமாடித் தொட்டியில் பிளம்பர் செய்யும் தவறு வேறு. வீட்டுக் குழாய், தீயணைப்புக் குழாய் இரண்டையும் அடியிலிருந்தே எடுத்துவிடுவார். காலையில் குளியல் முடிந்ததும் இரண்டுக்கும் சேர்த்தே தண்ணீர் காலி. ஒரே தொட்டிதான் என்றால், தீக்கு ஒதுக்கிய அளவின் மேல்மட்டத்தில்தான் வீட்டுக் குழாயின் வாய் தொடங்க வேண்டும். அப்போது வீட்டுக்குத் தண்ணீர் நின்றாலும் தீக்கான பங்கு அடியில் பத்திரமாக இருக்கும்.

பம்ப் ரூமில் ஒரு சுவிட்ச்

முழு ஏற்பாட்டிலும் அதிகம் கெடுவது பம்ப் அல்ல, பேனலில் ‘ஆட்டோ – மேனுவல் – ஆஃப்’ என்று எழுதிய திருகு சுவிட்ச். அது ஆட்டோவில் இல்லாவிட்டால் மற்றதெல்லாம் இருந்தும் பயனில்லை.

வழக்கமான அமைப்பு இது: மின்சாரத்தில் ஓடும் மெயின் பம்ப், அதே திறனில் ஒரு டீசல் பம்ப், குழாயில் அழுத்தம் குறையாமல் பார்த்துக்கொள்ள நிமிடத்துக்கு 180 லிட்டர் தரும் சின்ன ஜாக்கி பம்ப். குழாய் எப்போதும் 7 கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு) அழுத்தத்தில் நிற்கிறது என்று வைத்தால், 6-க்கு இறங்கும்போது ஜாக்கி ஓடி 7-இல் நிற்கும். யாரோ வால்வைத் திறந்தால் ஜாக்கியால் ஈடுகொடுக்க முடியாது. 5-இல் மெயின் பம்ப் எழும். அதுவும் எழாவிட்டால் 4-இல் டீசல். இந்த எண்கள் கட்டடத்துக்குக் கட்டடம் மாறும், வரிசை மட்டும் மாறக்கூடாது. ஜாக்கி தானே நிற்கலாம். மெயினும் டீசலும் தானே தொடங்க வேண்டும், ஆனால் ஆள் வந்து கையால் நிறுத்தினால்தான் நிற்க வேண்டும். மோட்டார் வீணாக ஓடுகிறதே என்று மெயினுக்கும் தானாக நிற்கும் வயரிங் கொடுப்பது பெரிய பிழை. மேலே ஒருவர் ஹோஸைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது பம்ப் நின்று நின்று ஓடும்.

சுவிட்ச் ஏன் ஆஃபுக்குப் போகிறது? ஜாக்கி அடிக்கடி ஓடுவதால். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அது ஓடினால் எங்கோ கசிவு இருக்கிறது. கண்டுபிடிப்பது கடினமில்லை:

1. பேனலை ஆஃப் செய்து, அது ஆட்டோவுக்குத் திரும்பும் வரை ஒருவரைப் பம்ப் ரூமிலேயே நிறுத்துங்கள்.
2. ரைசர்களின் (மாடிக்கு ஏறும் சிவப்புக் குழாய்களின்) அடியில் உள்ள வால்வுகளையும் வெளிவளாக ஹைட்ரன்ட் லைன் வால்வையும் மூடுங்கள். பம்ப் ஹெடரில் (பம்புகள் எல்லாம் சேரும் பொதுக் குழாயில்) உள்ள அழுத்தம் காட்டும் கேஜைப் பதினைந்து நிமிடம் பாருங்கள்.
3. அப்போதும் முள் இறங்கினால் கசிவு பம்ப் ரூமுக்குள்தான். பெரும்பாலும் பம்புக்கு மேலே உள்ள, தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் நான் ரிட்டர்ன் வால்வு சரியாக அடைக்காமல் தண்ணீரைத் தொட்டிக்கே திருப்பி விடும். தரையில் ஒரு சொட்டு ஈரம்கூடத் தெரியாது என்பதால் இதைத்தான் யாரும் சந்தேகிப்பதில்லை.
4. முள் நின்றால், வால்வுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். எதைத் திறந்ததும் முள் சரிகிறதோ அந்த லைனில் கசிவு. வெளிவளாக லைன் என்றால் மண்ணுக்குள் துருப்பிடித்த குழாயாக இருக்கலாம். மேல்பூச்சோ சுற்றுநாடாவோ இல்லாமல் புதைத்த குழாய்க்கு இதுதான் கதி.

தொட்டி பம்பைவிடத் தாழ்வாக இருந்தால் உறிஞ்சும் குழாயின் அடியில் தண்ணீர் திரும்பாமல் தடுக்கும் ஃபுட் வால்வும், அந்தக் குழாயைத் தண்ணீரால் நிறைத்து வைக்கும் பிரைமிங் டேங்கும் வேண்டும். ஃபுட் வால்வில் குப்பை மாட்டினால் உறிஞ்சும் குழாய் காலியாகிவிடும். பம்ப் வேகமாகச் சுழலும், தண்ணீர் வராது. முடிந்தவரை தொட்டி மட்டத்துக்குக் கீழே பம்ப் இருக்கும்படி அறையை வைப்பதே நல்லது.

மின்சாரம் வரும் வழியையும் பாருங்கள். தீ என்றதும் முதலில் செய்வது கட்டடத்தின் மெயின் சுவிட்சை இறக்குவது. ஃபயர் பம்புக்கான லைன் அந்தச் சுவிட்சுக்குப் பின்னால் இருந்தால் பம்பும் அதோடு நின்றுவிடும். அதற்கு முன்னாலிருந்தே தனி லைன் எடுக்க வேண்டும். டீசல் இன்ஜினை வாரம் ஒருமுறை அரை மணி நேரமாவது ஓட்ட வேண்டும். தேவைப்படும் நாளில் இன்ஜின் முரண்டு பிடிப்பதற்குப் பெரும்பாலும் காரணம் பேட்டரி. அடுத்த காரணம், ஜெனரேட்டருக்காக டேங்கிலிருந்து எடுத்த டீசல்.

அழுத்தம்: மேலே குறைவு, கீழே அதிகம்

பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு கிலோ அழுத்தம் என்ற மனக்கணக்கு போதும். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வெறும் ஈர்ப்பில் இறங்கும் குழாய் என்றால், மேல்தள வால்வுக்கு மேல் தண்ணீர் மூன்று மீட்டர்தான் நிற்கிறது. அங்கே கிடைப்பது 0.3 கிலோ. செடிக்கு ஊற்றலாம், தீயை அணைக்க முடியாது. அதனால்தான் இப்படி மேலிருந்து தண்ணீர் இறங்கும் டவுன்கமர் அமைப்பில் மாடியில் ஒரு பம்ப் கேட்கிறார்கள். அதைத் தவிர்ப்பவர்கள் கீழ்த்தளத்தில் வால்வைத் திறந்து காட்டித் தப்பித்துவிடுகிறார்கள்.

மாடித் தொட்டியை ரைசரோடு இணைக்கும் இடத்தில் நான் ரிட்டர்ன் வால்வு விடுபட்டால் கதை வேறு. கீழே பம்ப் ஓடும், தண்ணீர் எல்லாம் மாடித் தொட்டிக்குள் ஏறி வழியும், ஹோஸில் சொட்டும்.

36 மீட்டர் உயரத்தில் 3.5 கிலோ வேண்டுமென்றால், உயரத்துக்கு 3.6, முனையில் 3.5, குழாய் உராய்வுக்கு ஒரு கிலோ என்று பம்ப் 8 கிலோவுக்கு மேல் தர வேண்டும். அப்போது தரைத்தள வால்விலும் ஏறத்தாழ அந்த 8 கிலோ நிற்கும். பயிற்சி இல்லாதவர் கையில் அந்த ஹோஸ் நிற்காது, ஆளையே தள்ளிவிடும். 7 கிலோவுக்கு மேல் வரும் கீழ்த்தளங்களில் நடுவில் துளையிட்ட ஆரிஃபைஸ் தகடோ அழுத்தம் குறைக்கும் வால்வோ வைக்க வேண்டும். மேல்தளத்தில் அழுத்தம் போதவில்லை என்று தகடுகளை மொத்தமாகக் கழற்றிவிடும் வேலையும் நடக்கிறது. எந்தத் தளத்துக்கு எந்தத் துளை அளவு என்ற பட்டியல் பம்ப் ரூமில் ஒட்டியிருந்தால் இப்படி நடக்காது. ரைசர் உச்சியில் ஏர் ரிலீஸ் வால்வு இல்லாவிட்டால் காற்று அடைத்து நிற்கும், கேஜ் முள்ளை நம்ப முடியாது.

பெட்டியைத் திறந்து பாருங்கள்

லேண்டிங் வால்வின் (தளத்துக்குத் தளம் உள்ள வால்வின்) வாய் 63 மி.மீ. பெண் கப்ளிங். அதன் உள்விளிம்பில் ஒரு ரப்பர் வாஷர் இருக்க வேண்டும். விரலை விட்டுத் தடவிப் பாருங்கள்: காய்ந்து வெடித்திருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. வாஷர் இல்லாமல் திறந்தால் இணைப்பிலேயே தண்ணீர் சீறி, பிடிக்கிறவர் நனைவார், முனைக்கு அழுத்தம் போகாது. சில ரூபாய் சாமான். ஹோஸின் ஆண் முனையைச் செருகி ‘க்ளிக்’ என்று இரு பக்கக் கொக்கியும் பிடிக்கிறதா, இழுத்தால் கழலாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பெட்டிக்குள் 15 மீட்டர் ஹோஸ் இரண்டு, ஹோஸ் முனையில் மாட்டித் தண்ணீர் பீய்ச்சும் பிராஞ்ச் பைப் ஒன்று. பித்தளையும் கன்மெட்டலும் பழைய இரும்புக் கடையில் நல்ல விலை போவதால் முதலில் காணாமல் போவது பிராஞ்ச் பைப்தான். அதற்குப் பயந்து பெட்டியைப் பூட்டி, சாவியைச் செயலாளர் வீட்டில் வைப்பது அதைவிட மோசம். உடைக்கும் கண்ணாடிக்குப் பின்னால் சாவி இருக்கட்டும்.

குடியிருப்பவர்கள் உண்மையில் பயன்படுத்தக்கூடியது பெரிய ஹோஸ் அல்ல, பக்கத்தில் சுற்றிவைத்த ஹோஸ் ரீல். ஒரே ஆள் இழுத்துக்கொண்டு ஓடலாம். இதன் இணைப்பு லேண்டிங் வால்வுக்கு முன்னால், ரைசரிலிருந்து நேராக வர வேண்டும். கார் கழுவுகிறார்கள் என்று இதன் பால் வால்வின் கைப்பிடியைக் கழற்றி வைப்பது அடிக்கடி பார்க்கும் காட்சி.

வண்டி வந்த பிறகு

நுழைவாயில் 6 மீட்டர் அகலம், மேலே வளைவு இருந்தால் 4.5 மீட்டர் இடைவெளி வேண்டும். அலங்கார வளைவு பிறகு கட்டும்போது இந்த உயரம் மறந்துபோகும். தொட்டி வண்டிப்பாதைக்கு அடியில் இருந்தால் அதன் மூடுதளம் 45 டன் தாங்க வேண்டும். வாசலுக்குப் பக்கத்தில் தீயணைப்பு வண்டி இணைக்கும் வாய்கள் இருக்கும். தொட்டிக்குப் போவது எது, ரைசருக்குப் போவது எது என்று எழுதி வைக்காவிட்டால் வண்டியில் வந்தவர் ரைசருக்குத் தள்ள நினைத்துத் தொட்டியை நிரப்பிக்கொண்டிருப்பார். அந்த வாய்களின் முன்னால் பூந்தொட்டி, பைக், செக்யூரிட்டி நாற்காலி எதுவும் கூடாது.

கேஜ் முள்ளைக் காட்டிக் கையெழுத்து வாங்காதீர்கள்

‘பம்ப் ரூமில் 7 காட்டுகிறதே’ என்பது சோதனை ஆகாது. நடுவில் ஒரு வால்வு முக்கால்வாசி மூடியிருந்தாலும், தண்ணீர் ஓடாதவரை முள் 7-இல்தான் நிற்கும். ஓடும்போதுதான் உண்மை தெரியும். ஆண்டுப் பராமரிப்பு எடுத்தவர் வந்தால், பம்பிலிருந்து மிகத் தொலைவில், மிக உயரத்தில் உள்ள வால்வில் ஹோஸை மாட்டச் சொல்லுங்கள். அங்கே ஒரு கேஜ் வைத்து, முழுதாகத் திறந்து, தண்ணீர் பாயும்போது எவ்வளவு காட்டுகிறது என்று எழுதுங்கள். ஜாக்கி எப்போது எழுந்தது, மெயின் எத்தனை நொடியில் பிடித்தது என்பதையும் குறியுங்கள். பிறகு மெயின் பம்பின் மின்சாரத்தை நிறுத்தி, டீசல் தானாக எழுகிறதா என்று இதையே இன்னொரு முறை செய்யுங்கள். போன வருடக் குறிப்போடு ஒப்பிட்டால் எங்கே அடைப்பு, எது தேய்ந்திருக்கிறது என்று பிடிபடும்.

முடிந்ததும் ஹோஸை ஈரத்தோடு சுருட்டி வைக்க வேண்டாம். படிக்கட்டுக் கைப்பிடியில் தொங்கவிட்டுக் காயவைத்து வையுங்கள். பம்ப் ரூமைப் பூட்டும் முன் பேனல் சுவிட்ச் ஆட்டோவில் இருக்கிறதா என்று இன்னொரு முறை பாருங்கள். சோதனைக்காக ஆஃப் செய்து அப்படியே விட்டுப் போன பேனல்களும் நிறைய உண்டு.